சத்தமே போடாத கம்ப்யூட்டர்

பிப்ரவரி 3

என் அன்புத் திருப்புளிக்கு,

மாமா எழுதுவது. சின்ன வயதில் கையில் திருப்புளியோடு திரிந்தவளை வேறு பெயரில் கூப்பிட எனக்கு வரவில்லை. இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான் ஒருவன்தான். முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உன் முதுகு எப்படி இருக்கிறது? கம்ப்யூட்டர் கடையில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்யாதே. மேஜையை உயர்த்திப் போடச் சொல்.

திடீரென்று ஏன் கடிதம் என்று நினைப்பாய். கொஞ்ச காலமாக டெலிபோன் சரியில்லை. மெயில் அனுப்பலாம்தான். ஆனால் நீ உடனே பதில் போட்டுவிடுவாய், எனக்கு யோசிக்க நேரம் இருக்காது. கடிதம்தான் எனக்குத் தோதான வேகம்.

விஷயம் இது. எனக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். புராசசரும் மதர்போர்டும் நீ பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், படத்தைப் பார்த்து நானே பூட்டிக்கொள்வேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கூச்சமாக இருக்கிறது. அதை நான் ஓவர்கிளாக் செய்ய விரும்புகிறேன். அதாவது கம்பெனி குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேலே ஓட்ட வேண்டும்.

நீ சிரிக்கலாம். நான் பாலம் வரைகிற ஆபீஸில் இருந்தவன். பத்து டன் போகிற இடத்தில் இருபது டன் தாங்கும்படி வரைந்து, அதற்கு மேலும் ஒரு கம்பி சேர்த்து, மேலதிகாரியிடம் திட்டு வாங்கியவன். அந்த இரண்டு மடங்குக்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். ஓவர்கிளாக் என்பது, கம்பெனிக்காரன் நல்லெண்ணத்தோடு விட்டுவைத்த அந்தக் காரணியில் கை வைப்பது என்று புரிகிறது. எனக்கு இது பொருந்தாத வேலைதான். ஆனாலும் வேண்டும்.

எதற்கு என்று கேட்பாய். ஒரு கணக்கு. அது வருகிற வேகத்திலேயே விடையும் வர வேண்டும். இப்போதுள்ள மெஷினில் ஒன்றுக்கு விடை வருவதற்குள் அடுத்த மூன்று வந்து நின்றுவிடுகின்றன. இதற்கு மேல் விவரிக்கத் தெரியவில்லை.

நான் கேட்பது அபத்தமாக இருந்தால் தயங்காமல் சொல்லிவிடு.

உன் நலம் விரும்பும்,
மாமா


பிப்ரவரி 12

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடி மேஜையை உயர்த்தினேன். முதுகு வலி போய்விட்டது, இப்போது கழுத்து வலிக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா, அல்லது டாக்டரைப் பார்ப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறீர்களா?

உங்கள் கடிதத்தை முதலாளியிடம் படித்துக் காட்டினேன். "உங்க மாமா ஓவர்கிளாக் பண்ணப் போறாரா? ரோட்டுல வண்டியே இல்லன்னாலும் சிக்னல்ல நிப்பாரே அவர்?" என்றார். கடையில் பாதியை யாருக்காவது கொடுத்துவிட்டு ஓய்வெடுக்கிற யோசனையில் இருக்கிறார், அதனால் வாய் கொஞ்சம் கூடியிருக்கிறது.

சரி, பாடத்துக்கு வருகிறேன். புராசசரில் இரண்டு ரகம். வேகத்துக்குப் பூட்டுப் போட்டு விற்பது ஒன்று, பூட்டில்லாமல் விற்பது ஒன்று. உங்களுக்குப் பூட்டில்லாதது வேண்டும். அது மட்டும் போதாது, மதர்போர்டும் சம்மதிக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசல் கேட்டைப் பூட்டிய கதைதான். போர்டில் புராசசரைச் சுற்றி, அதற்குக் கரண்டைப் பதமாக்கிக் கொடுக்கிற பகுதி இருக்கும். அதன் மேல் கனமான அலுமினியப் பாளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகத்தை ஏற்றினால் முதலில் வேர்ப்பது அந்த இடம்தான்.

இன்னொன்று. ஒரே பெட்டி, ஒரே எண் என்றாலும் எல்லாச் சிப்பும் ஒன்றுபோல ஏறாது. சில சொன்ன பேச்சு கேட்கும், சில முரண்டு பிடிக்கும். வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

போர்டில் நடுத்தரமானதே உங்களுக்குப் போதும். பெரிய போர்டில் இரண்டு இலக்கம் காட்டுகிற ஒரு குட்டித் திரை இருக்கும். மெஷின் கிளம்பாமல் நின்றால் எந்த இடத்தில் நின்றது என்று எண்ணில் காட்டும். அது பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு. நடுத்தரப் போர்டில் ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டினால் கோளாறு வரும்போது பீப் பீப் என்று கத்தும். எத்தனை பீப் என்று நீங்கள் சொன்னால் நான் இங்கிருந்தே வைத்தியம் பார்த்துவிடுவேன். வேண்டுமானால் நானே ரயில் ஏறி வந்து பூட்டிக் கொடுக்கிறேன்.

மாமா, இப்போது நான் கேட்கிறேன். போன மாதம் போனில் உங்களிடம் ஒன்று சொன்னேன். ஜூனில் கையெழுத்து என்றும், நீங்கள் வர வேண்டும் என்றும் சொன்னேன். நீங்கள் "சரி சரி, நல்லது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். அதன்பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. அந்த "நல்லது" உங்கள் பதிலா, பதிலைத் தட்டிக் கழித்ததா? அம்மா போனபிறகு எனக்குப் பெரியவர் என்று இருப்பது நீங்கள் ஒருவர். நீங்கள் மனதாரச் சரி என்று சொல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
திருப்புளி


பிப்ரவரி 26

அன்புள்ள திருப்புளிக்கு,

மாமா ஆசிகளுடன் எழுதுவது. டாக்டரைப் பார்ப்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கழுத்துக்கு மேஜையைக் கொஞ்சம் இறக்கிப் பார்.

நீ எழுதியதை ஒருமுறைக்கு இருமுறை படித்தேன். பூட்டில்லாத புராசசரே அனுப்பு. அலுமினியப் பாளம் கனமாக இருக்கட்டும். போர்டு விஷயத்தில் மட்டும் உன் யோசனைக்கு மாறாக நடக்க வேண்டியிருக்கிறது, மன்னித்துக்கொள். எனக்கு அந்த இரண்டு இலக்கத் திரை உள்ள பெரிய போர்டே வேண்டும். பீப் என்பது வந்தவுடன் போய்விடும். எண் என்றால் அங்கேயே நிற்கும், நிதானமாகப் பார்க்கலாம். விலை கூடுதல் என்பது தெரிகிறது. இதை என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள். எனக்குப் பிடிவாதங்கள் குறைவு என்பது உனக்குத் தெரியும்.

நீ வந்து பூட்ட வேண்டியதில்லை. உனக்கு வேலை இருக்கும்.

போனில் நீ சொன்ன விஷயம். அதைப் பற்றி ஆழ்ந்து யோசித்தேன். தபால் யார் கையிலும் போகலாம் என்பதால் பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். கூட்டு என்பது பெரிய காரியம். கையெழுத்துப் போடுமுன் ஆறு மாதம் சோதனையாக நடத்திப் பார்ப்பது நல்லது. எதிர்த்தரப்பின் பழைய கணக்கு வழக்குகளை விவரம் தெரிந்த மூன்றாம் மனிதர் ஒருவரிடம் காட்டிக்கொள். ஒத்துவராமல் போனால் யார் எதை எடுத்துக்கொண்டு விலகுவது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். அவசரப்பட்டு நஷ்டப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவும் சரியாக அமைந்தால் எனக்குச் சம்மதமே.

நான் சொன்னதில் ஏதாவது பிசகு இருந்தால் எழுது.

அன்புடன்,
மாமா


மார்ச் 9

மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

புராசசர், நீங்கள் கேட்ட பெரிய போர்டு, மெமரி இரண்டு துண்டு, பவர் சப்ளை, மூன்று விசிறி வைத்த கூலர் எல்லாம் இன்று பார்சலில் போட்டாயிற்று. ஒவ்வொன்றையும் கடையில் மாட்டி ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். தனியாக ஒரு சின்னப் பையில் அந்த ஸ்பீக்கரையும் வைத்திருக்கிறேன். உங்கள் குட்டித் திரை காட்டுவதைப் பீப்பையும் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். வேகத்தை ஒரேயடியாக ஏற்ற வேண்டாம். நூறு மெகாஹெர்ட்ஸ், பிறகு ஒரு சோதனை, பிறகு அடுத்த நூறு.

கோபம் வேறு, பார்சல் வேறு. அதனால் பார்சலை ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன்.

இனி கோபம். ஆறு மாதம் சோதனையாக நடத்திப் பார்க்க வேண்டுமா மாமா? ஒத்துவராவிட்டால் யார் எதை எடுத்துக்கொண்டு போவது என்று முன்பே எழுதி வைக்க வேண்டுமா? ஒரு கல்யாணம் முறிந்து, இத்தனை வருஷம் தனியாக இருந்து, இப்போது இரண்டாவதாக ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று பயந்து பயந்து முடிவு செய்தவளிடம் பேசுகிற பேச்சா இது? மற்றவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று தெரியும். அதற்காகத்தான் முதலில் உங்களிடம் சொன்னேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் எழுதியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவர் உங்கள் கடிதத்தைப் படிக்கக் கேட்டார். கொடுக்கவில்லை.

திருப்புளி


ஏப்ரல் 17

அன்புள்ள திருப்புளிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். என் நலத்தைப் பற்றி எழுத இந்தக் கடிதத்தில் எனக்கு யோக்கியதை இல்லை.

உன் கடிதம் வந்து வெகுநாள் ஆகிறது. பதில் எழுத உட்கார்ந்து, எழுதி, கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், அதுவும் சரியில்லை. நான் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டு அப்படி எழுதிவிட்டேன். உன் முதலாளி கடையில் பாதியைக் கொடுப்பதாக நீ எழுதியிருந்தாய். அதைத்தான் போனில் சொன்னாய் என்று எடுத்துக்கொண்டேன். நீ சொன்னது கல்யாணத்தைப் பற்றி என்று எனக்குத் தெரியாது. எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பாய். அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதவே இத்தனை நாளும் முயன்றேன், முடியவில்லை.

பார்சல் பத்திரமாக வந்தது. பூட்டியும்விட்டேன். புராசசரை அதன் இடத்தில் வைக்க மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். இப்போது மெஷின் கிளம்பவில்லை. விசிறிகள் சுற்றுகின்றன, மானிட்டரில் ஒன்றும் இல்லை. போர்டின் குட்டித் திரையில் 55 என்று நிற்கிறது. நான் ஏதாவது உடைத்துவிட்டேனா?

நீ பதில் போடாவிட்டாலும் குறை நினைக்க மாட்டேன்.

மாமா


ஏப்ரல் 24

மாமாவுக்கு,

நலம்.

55 என்றால் மெமரி சரியாக உட்காரவில்லை. எதையும் உடைக்கவில்லை, பயப்பட வேண்டாம். இரண்டு துண்டையும் கழற்றி, புராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது இடத்தில் வைத்து, இரண்டு முனையிலும் டக்கென்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். நீங்கள் அழுத்தப் பயந்து பாதியில் விட்டிருப்பீர்கள்.

அது சரி, எத்தனை பீப் வந்தது? எழுதவே இல்லையே.

நான் போனில் சொன்னது உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். மாமா, நான் தெளிவாகத்தான் சொன்னேன். கேட்டுவிட்டுக் கேட்காத மாதிரி இருக்கிறீர்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றக் கூடாது என்று முயன்று பார்க்கிறேன். ஜூன் தேதியைத் தள்ளிப்போடலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

திருப்புளி


மே 6

அன்புள்ள திருப்புளிக்கு,

உன் உடல்நிலையும் மனநிலையும் தேறியிருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். நான் சுகம்.

நீ சொன்னது சரி. அழுத்தப் பயந்து பாதியில் விட்டிருந்தேன். டக்கென்ற சத்தம் வந்ததா என்று தெரியவில்லை, ஆனால் இரண்டு முனையிலும் கொக்கி மடங்குவதைக் கண்ணால் பார்த்தேன். 55 மறைந்து மெஷின் கிளம்பிவிட்டது.

பிறகு வேகம். நூறு ஏற்றினேன், சோதனை ஓட்டினேன், சூட்டைக் குறித்துக்கொண்டேன். இப்படியே ஐந்து நாள். ஐந்து கிகாஹெர்ட்ஸ்வரை முகம் சுளிக்காமல் வந்தது. அதற்கு மேல் முந்நூறு ஏறியதும் மானிட்டர் நீலமாகி நின்றுவிட்டது. போர்டின் பின்பக்கப் பட்டனை அழுத்தி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, மீண்டும் ஏறி, நின்றுபோன இடத்துக்கு இருநூறு கீழே நிறுத்தியிருக்கிறேன். இது முரண்டு பிடிக்காத சிப் என்று நினைக்கிறேன். பாதுகாப்புக்காக விசிறி மூன்றையும் முழு வேகத்தில் வைத்திருக்கிறேன். நல்ல விசிறிகளாகப் பார்த்து அனுப்பியிருக்கிறாய். இரவு பகலாக ஓடியும் சத்தமே இல்லை. இப்படி அமைதியான மெஷினை நான் பார்த்ததில்லை.

நீ அனுப்பிய ஸ்பீக்கர் மட்டும் பழுது போலிருக்கிறது. மாட்டினேன், பீப் எதுவும் வரவில்லை. அது பரவாயில்லை, எனக்கு எண்ணே போதும்.

கீழ்வீட்டுத் தையல்காரர் நேற்று மாடிக்கு வந்தார். கழுத்தில் டேப்போடு கதவருகே நின்று ஏதோ நீளமாகச் சொன்னார், கையை ஆட்டிக் காட்டினார். வெயிலில் ஏறி வந்திருக்கிறார் என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குடித்துவிட்டு இறங்கிப் போனார். நல்ல மனிதர்.

ஜூன் தேதியைத் தள்ளிப்போடாதே. இதை மட்டும் என்னால் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

மாமா


மே 13

என் அருமை மாமாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்த ஸ்பீக்கரைப் பையில் போடுமுன் நான் மாட்டிப் பார்த்தேன். அது போட்ட கூச்சலில் முதலாளி டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். அந்த மூன்று விசிறியையும் முழு வேகத்தில் ஓட்டினால் கடையில் நாங்கள் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். நீங்கள் அதைச் சத்தமே இல்லை என்று புகழ்ந்து எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது முதலில் சிரித்தேன். பிறகு உங்கள் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். எண் காட்டுகிற போர்டுக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்பது அப்போதுதான் உறைத்தது.

தையல்காரருக்குப் போன் செய்தேன். "மேல ஏரோப்ளேன் கிளம்புற மாதிரி இருக்கும்மா. போய்ச் சொன்னா ஐயா தண்ணி குடுக்கிறாரு. அவரு முகத்தைப் பாத்தா அதுக்கு மேல சொல்ல வரல" என்றார்.

மாமா, நான் எதையும் கேட்கவில்லை. நீங்களும் எதையும் விளக்க வேண்டாம். அன்று போனில் நான் சொன்னதை அப்படியே கீழே எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை. எத்தனையோ முறை எனக்குள்ளே சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னது, அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

"மாமா, உக்காந்துக்கிட்டீங்களா? ஒண்ணு சொல்லணும். நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். அவர் லிஃப்ட் சோதனை பண்றவர். எங்க கட்டடத்து லிஃப்ட் நடுவுல நின்னு நான் உள்ள மாட்டிக்கிட்டேன்னு சொன்னேன்ல, அப்ப கதவுக்கு வெளியில நின்னவர். அதிகம் பேசற ஆள் இல்ல மாமா. ஆனா அன்னிக்கு நான் பயந்துடக் கூடாதுன்னு லிஃப்ட் சரியாகற வரைக்கும் வாய் மூடாம பேசிக்கிட்டே இருந்தார். என்ன பேசறதுன்னு தெரியாம கடைசியில லிஃப்ட் விதிப் புத்தகத்தையே ஒப்பிச்சார். அம்மா இருந்தா அம்மாகிட்டதான் முதல்ல சொல்லியிருப்பேன். ஜூன்ல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து. நீங்க வந்து எனக்குச் சாட்சியா கையெழுத்துப் போடணும். உங்களுக்குச் சம்மதமா மாமா?"

இதற்கு நீங்கள் சொன்னது: "சரி சரி. நல்லது. உடம்பைப் பாத்துக்க. வைக்கிறேன்."

இப்போது பதில் சொல்லுங்கள்.

உங்கள்,
திருப்புளி


மே 20

என் கண்ணே திருப்புளி,

நான் சுகம். நீ சுகமாக இருப்பாய்.

சம்மதம். முழுச் சம்மதம். இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும், பழக்க தோஷத்தால் நலம் முந்திக்கொண்டது.

விளக்க வேண்டாம் என்றாய். ஆனாலும் எழுதுகிறேன், உன்னிடம்கூட எழுதாவிட்டால் பிறகு யாரிடம். இரண்டு வருஷமாகவே காது கேட்பது குறைந்துகொண்டு வந்தது. டாக்டர் காதில் வைக்கும் கருவி கொடுத்தார். அது சத்தத்தைப் பெரிதாக்குகிறது, சொல்லைத் தெளிவாக்குவதில்லை. மனிதர்கள் என்ன பேசுவார்கள் என்று நான் ஒரு வரிசை வகுத்து வைத்திருந்தேன். முதலில் உடம்பைக் கேட்பார்கள், பிறகு வெயிலையோ மழையையோ சொல்வார்கள், பிறகு அவர்கள் வீட்டு விஷயம். எதற்கும் கடைசியில் "சரி சரி, நல்லது" என்றால் பெரும்பாலும் பொருந்தியது. பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் போனில் பேசியபோதும் அதையே சொன்னேன். அவர் மனைவி இறந்துபோனதைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார் என்று பிற்பாடு தெரிந்தது. அதன்பிறகு போன் அடிப்பது தெரிந்தாலும் எடுக்கப் பயம் வந்துவிட்டது. பிறகு அடிப்பதும் தெரியாமல் போயிற்று.

உன்னோடு பேசியதுதான் நான் கடைசியாக எடுத்த போன். உன் குரல் என்பது மட்டும் தெரிந்தது. சந்தோஷமாகப் பேசுகிறாய் என்றும் தெரிந்தது. என்ன பேசுகிறாய் என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொல் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. பாலத்தில் சந்தேகம் வந்தால் மறுபடி கணக்குப் போடுகிறவன், மனிதர்களிடம் அப்படிக் கேட்டதே இல்லை.

அந்தக் கணக்கு என்ன என்று இப்போது சொல்லலாம். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கிக் காட்டுகிற ஒரு புரோகிராம் இருக்கிறது. போன் ரிசீவரிலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரில் செருகினால், எதிரில் பேசுவது தமிழில் வரி வரியாக மானிட்டரில் வரும். பழைய மெஷினில் அது மூச்சு வாங்கியது. ஒரு வரி வருவதற்குள் பேசுகிறவர் எங்கோ போய்விடுகிறார். புராசசரின் வேகத்தைக் கூட்டினால் எட்டிப் பிடித்துவிடும் என்று கணக்கிட்டேன். பிடித்த பிறகு நானே உன்னைக் கூப்பிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, "ஏதோ சொன்னாயே, மறுபடி சொல்" என்று கேட்பதாக இருந்தேன். இப்போது முன்னைவிட விரைவாக வருகிறது. ஆனால் இன்னும் ஒரு வரி பின்னால்தான். ரேடியோவை வைத்துச் சோதித்துப் பார்த்தேன்.

உன்னவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பாலத்துக்கு நாங்கள் இரண்டு மடங்கு போடுகிற இடத்தில், லிஃப்ட் கயிற்றுக்குப் பத்து மடங்குக்கு மேல் போடுவார்கள் என்பது தெரியும். அந்தத் துறை ஆளைப் பற்றி நான் எழுதிய ஆறு மாதச் சோதனையைத் திரும்பப் பெறுகிறேன். அந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடு. சிரிக்கட்டும்.

என்றும் உன்,
மாமா


மே 27

அன்பு மாமாவுக்கு,

நான் ரொம்ப நலம். உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டேன், அது தப்பு. வாடிக்கையாளர் ஒருவர் தன் கம்ப்யூட்டர்தான் செத்துப்போய்விட்டதாக்கும் என்று பயந்து, "பரவால்லம்மா, பழசுதான்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இப்போது உங்களைத் திட்டப் போகிறேன். ஏன் மாமா, எதற்கு என்று முதல் கடிதத்திலேயே சொல்லியிருந்தால் இந்தப் பூட்டில்லாத புராசசர், பெரிய போர்டு, நீல மானிட்டர், தையல்காரரின் தலைவலி ஒன்றுமே தேவைப்பட்டிருக்காதே. பேச்சை எழுத்தாக்குகிற வேலைக்குப் புராசசரை விரட்டுவது, காய் நறுக்கக் கோடாலியைத் தீட்டுவது மாதிரி. அதற்குக் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும். சுமாரான ஒன்று போட்டாலே போதும், நான் மூச்சு விடுவதற்குள் எழுதிவிடும். உங்கள் கணக்கு எல்லாம் சரி, கேட்ட கேள்விதான் தப்பு.

கார்டு இந்தப் பார்சலில் இருக்கிறது. பெரிய போர்டாக வாங்கியதில் ஒரு லாபம், இது தாராளமாக உட்காரும். இந்த முறை பயப்படாமல் அழுத்துங்கள். புராசசரின் வேகத்தைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடலாம். விசிறியைத் தானியங்கியில் வையுங்கள். தையல்காரருக்கு நன்றி சொல்லுங்கள், தண்ணீர் கொடுக்காமல்.

அவர் உங்கள் சோதனைக் கடிதத்தைப் படித்தார். ஆறு மாதம் போதாது, லிஃப்ட்டுக்கு வருஷா வருஷம் சோதனை உண்டு என்றார். அதிலிருந்து அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

தேதி தள்ளிப் போகவில்லை. கார்டைப் பூட்டியதும் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் சரி.

திருப்புளி


ஜூன் 5

என் அன்புத் திருப்புளிக்கு,

நான் நலம். நேற்று உன் நலத்தை உன்னிடமே கேட்டுவிட்டதால் இங்கே மறுபடி கேட்கவில்லை.

கார்டு உட்கார்ந்துவிட்டது. அழுத்தினேன். விசிறியை இறக்கிவிட்டேன். தையல்காரர் மேலே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். புராசசரையும் நீ சொன்னபடி இறக்கிவிட்டேன், ஒரு நூறு மெகாஹெர்ட்ஸ் தவிர. தேவையில்லைதான். நானும் ஏற்றினேன் என்பதற்காக அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

நேற்று பேசியதைப் பற்றித்தான் இன்று கடிதம் எழுதுகிறேன், எனக்கு இன்னும் இதுதான் தோதான வேகம். உன்னிடம் போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. நீ பேசப் பேச வரிகள் வந்துகொண்டே இருந்தன. அம்மாவின் புடவையைத்தான் அன்று கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். நல்லது, அது உனக்குப் பொருந்தும் என்றேன். உண்மையிலேயே நீ சொன்னதைப் படித்துவிட்டுச் சொன்ன நல்லது அது. அதன்பிறகு மானிட்டரில் ஒன்றும் வரவில்லை.

மெஷின் நின்றுவிட்டது என்று பயந்தேன். போர்டின் குட்டித் திரையைப் பார்த்தேன், கோளாறு எதையும் காட்டவில்லை. வயரைத் தொட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாம் ஒழுங்காக இருந்தும் எழுத்து வரவில்லை என்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும் என்று அப்புறம்தான் புரிந்தது. நீ பேசாமல் இருந்தாய்.

இரண்டு வருஷமாக, யாராவது பேசுகிறார்களா பேசாமல் இருக்கிறார்களா என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. அதனால் எல்லாருக்கும் முந்திக்கொண்டு வைத்துவிடுவேன். நேற்று வைக்கவில்லை. சரி சரி என்றும் சொல்லவில்லை. அடுத்த வரி வரட்டும் என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

ரயிலில் இடம் போட்டுவிட்டேன். ரிஜிஸ்டர் ஆபீஸில் சாட்சியைக் கேட்கிற கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டச் சொல்லிவை. புரியாவிட்டால் மறுபடி கேட்பேன்.

சாட்சியாக வரும்,
உன் மாமா